மாடிப்படி ஏறின ஆலோசனை

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வை, பேராண்டி. மூத்த குடிமக்கள் ஆலோசனைக் குழுவோட முதல் கூட்டத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில வைக்கணும்னு யோசனை சொன்ன புண்ணியவான் யாரு? அவருக்கு ஒரு மாலை போடணும்யா. ஒரே யோசனையில ஊர்ல பாதிக் கெழடுகளைக் கூட்டத்துப் பக்கமே வரவிடாமப் பண்ணிட்டாரு பாரு, அது சாமானிய மூளையில்ல.

பதினெட்டுப் படி. சபரிமலைக்குப் போறவன்கூட மாலை போட்டு விரதம் இருந்துதான் பதினெட்டு ஏறுறான். நீங்க விரதம் இல்லாமலே ஏறச் சொல்லிட்டீக. கைப்பிடி ஒரு பக்கந்தான் இருக்கு, அதுவும் ஆடுது. சரி, ஏறி வந்தவுக யாரு? ரிட்டையர்டு வாத்தியார், மாஜி தலைவர், மில்லுல சூப்பர்வைசரா இருந்தவர், மிலிட்டரிக்காரர். நாலு பேரும் விடிஞ்சா பைபாஸ் வரைக்கும் நடந்துட்டு வர்ற ஆளுக. அவுககிட்ட "முதியோருக்கு என்ன வேணும்"னு கேட்டீகளாம். நடைபயிற்சிக்குப் பாதை வேணும்னாகளாம். தீர்மானம் ஏகமனதா நிறைவேறிருச்சாம். பொண்ணு மாப்பிள்ளையைத் தவிர எல்லாரையும் கேட்டு முகூர்த்தம் குறிச்ச கதையா இருக்கு.

கோவிச்சுக்கிடாத. நாலு பேரும் நல்லவுகதான். நான் சொல்றது வேற. படியேறி வர முடிஞ்சவனுக்கு ஒங்க சேவை அவ்வளவாத் தேவையில்ல. தேவைப்படுறவன் கூட்டத்துக்கே வரமாட்டான். மேலத் தெருவுல கண்ணுல புரை விழுந்து சுவரைத் தடவித் தடவி நடக்கிறாளே ஒரு பெரியாத்தா, அவ வரமாட்டா. பேசினாக் காது கேக்காது, கேக்காதுன்னு ஒத்துக்கவும் மாட்டாரு, எல்லாத்துக்கும் "ஆமா ஆமா"ன்னு தலையாட்டுவாரே ஒங்க சின்னத் தாத்தன், அவரு வரமாட்டாரு. வந்தாலும் நீங்க போடுற தீர்மானத்துக்கு எல்லாம் ஆமா சொல்லிட்டுப் போவாரு. ஒங்களுக்கு அது வசதிதான். பிள்ளைக திருப்பூர்லயும் சென்னையிலயும் கெடக்க, ஒத்தையாக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற கெழவிக ஒரு தெருவுக்கு ரெண்டு பேராவது இருக்காக. அவுகளுக்குக் கூட்டம் நடந்ததே தெரியாது. ஃப்ளெக்ஸ் வச்சீகளாமே, பஸ் ஸ்டாப்புல. எழுத்துத் தெரியாதவளுக்கு ஃப்ளெக்ஸ் எதுக்கு? வெயிலுக்கு மறைப்பா ஆகட்டும்னா?

நான் தலையாரியா இருந்தவன், தெரியும்ல. கணக்குப்பிள்ளை, முனிசீப்பு காலத்தையும் பார்த்தேன். 1980-ல எம்ஜிஆர் ஒரு அவசரச் சட்டத்துல அந்தப் பரம்பரை உத்தியோகத்தை ஒழிச்சதையும் பார்த்தேன். அப்புறம் வி.ஏ.ஓ. வந்தாக. நாற்காலியில ஆளுக மாறிக்கிட்டே இருந்தாக. நாற்காலிக்கு முன்னால மனுவோட நின்ன கெழவிக மட்டும் மாறல. அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. வரிசையில நிக்கிறவளைவிட, நிக்க முடியாம வீட்டுலயே இருந்துட்டவதான் உண்மையான மனுதாரி. அவ பேரு எந்தப் பதிவேட்டுலயும் ஏறாது.

அடுத்தது கூச்சப்படாமச் சொல்றேன், நீயும் கூச்சப்படாமக் கேளு. பத்து மணிக்குக் கூட்டம்னு சொல்லிப் பன்னெண்டரைக்கு முடிச்சீகளாமே. நடுவுல டீ வேற குடுத்தீகளாம். அறுபதைத் தாண்டுன ஆம்பளைக்கு ஒரு டீயைக் குடுத்து ரெண்டு மணி நேரம் நாற்காலியில உக்கார வைக்கிறது எப்பேர்ப்பட்ட தண்டனைன்னு ஒனக்கு இப்பத் தெரியாது. புராஸ்டேட்டுன்னு உள்ளே ஒரு சுரப்பி இருக்காம். டாக்டர் சொல்லித்தான் அப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரிஞ்சது. வயசாக ஆக அது வீங்குது. வீங்குனா ஒண்ணுக்கு அடிக்கடி முட்டும், போனா லேசுல வராது. மாஜி தலைவர் தீர்மானம் வாசிக்கும்போது வாத்தியார் எந்திரிச்சு எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போனாராமே, காத்து வாங்கவா போனாரு?

பொம்பளைகளுக்கு இது வேற மாதிரி. நாலஞ்சு பிள்ளை பெத்த ஒடம்பு. இருமுனாலும் தும்முனாலும், ஏன், வாய்விட்டுச் சிரிச்சாலும் அடக்க முடியாமப் போயிரும். அவுகளுக்குப் போய் மாசாமாசம் சிரிப்பு யோகான்னு நிகழ்ச்சி போட்டிருக்கீக. ஒங்க அப்பத்தா அதைக் கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? "சிரிக்க நான் தயார், சேலை மாத்த எடம் எங்கே?"ன்னா. இதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதுவீகளா?

பஞ்சாயத்து ஆபீஸ்ல கக்கூஸ் இருக்கு. இல்லைன்னு சொல்லல. பூட்டிக் கெடக்கு. சாவி கிளார்க்குகிட்ட. கிளார்க்கு யூனியன் ஆபீஸுக்குப் போயிருக்காரு. எப்பப் போனாரு, எப்ப வருவாருங்கிறது அவருக்கும் அந்த முனியய்யனுக்கும்தான் வெளிச்சம். இந்த ஊர்ல எத்தனையோ வயசான பொம்பளைக கல்யாணத்துக்குப் போறதில்ல, காதுகுத்துக்குப் போறதில்ல, பஸ்ஸேறி மக வீட்டுக்குக்கூடப் போறதில்ல. கேட்டா முழங்கால் வலிங்கிறாக. முழங்கால் பாதிதான். போற வழியில ஒதுங்க எடம் கெடையாதுங்கிறது மீதி. 2021-லேர்ந்து டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்ல, மகராசனா இருக்கட்டும். ஆனா சாத்தூர்ப் பஸ் ஸ்டாண்டுல எறங்கி மறு பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்தை எந்தத் தள்ளுபடியும் குறைக்க முடியாதே. ரயிலைச் சொல்லாத. 2020 மார்ச் வரைக்கும் வயசான ஆம்பளைக்கு டிக்கெட்டுல நூத்துக்கு நாப்பது, பொம்பளைக்கு அம்பது தள்ளுபடி இருந்துச்சு. கொரோனான்னு நிறுத்துனாக. கொரோனா ஊருக்குப் போயிருச்சு. தள்ளுபடி இன்னும் பிளாட்பாரத்துலயே நிக்கிது.

அதனால நடைபாதைத் தீர்மானத்துக்கு முன்னால ஒரு கக்கூஸ் தீர்மானம் போடு. குந்துறது வேண்டாம், குந்துனா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும். உக்கார்ந்து போற மாதிரி. பக்கத்துல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி. தரையில வழவழன்னு டைல்ஸ் ஒட்டாதே, சொரசொரப்பா இருக்கட்டும். ராத்திரியில எரியிற மாதிரி ஒரு லைட்டு. தாப்பாள் வெளியிலேர்ந்தும் தொறக்கிற மாதிரி, ஏன்னா உள்ளே விழுந்தா எங்க சத்தம் வெளியே வராது. தெறப்பு விழாவுக்கு ஆளு வேணும்னா நான் வர்றேன், ரிப்பன் வெட்டிட்டு மொதல் ஆளா உள்ளேயும் போறேன். போட்டோ வெளியிலேர்ந்து மட்டும்.

மருத்துவ முகாம் போட்டிருக்கீக. போடுங்க. வேண்டாம்னா சொல்லப் போறோம்? ஆனா ஒவ்வொரு முகாம்லயும் கையில பட்டையைக் கட்டி, புஸ்ஸு புஸ்ஸுன்னு அமுக்கி, "தாத்தா, ஒங்களுக்கு பிரஷர் இருக்கு"ங்கிறாக. இருக்குன்னு எனக்கு எம்ஜிஆர் காலத்துலயே தெரியும்மா. அதுக்குத்தான் இப்போ வீட்டுக்கே மாத்திரை வருது. 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரிப் பக்கம் ஆரம்பிச்சாகளே, மக்களைத் தேடி மருத்துவம், அதுல ஒரு பிள்ளை மாசம் தவறாம வந்து பிரஷருக்கும் சக்கரைக்கும் மாத்திரை குடுத்துட்டுப் போகுது. தங்கமான பிள்ளை. வாசல்ல நின்னு "பாட்டி, சாப்பிட்டீகளா"ன்னு கேக்குது பாரு, அதுக்கே பாதி பிரஷர் எறங்குது. நீங்க முகாம்ல அதையே திருப்பி அளக்காதீக. யாரும் அளக்காததை அளங்க.

என்னன்னு கேக்குறியா? குனிஞ்சு ஒன் கால் பெருவிரல் நகத்தைத் தொடு பாப்போம். தொட்டுட்டே, வாலிபம். நாங்க எங்க கால் நகத்தைத் தொட்டு வருசக்கணக்காச்சு. குனிஞ்சாத் தலை சுத்தும். கை எட்டாது. எட்டுனாலும் கண்ணு தெரியாது. தெரியாம வெட்டிச் சதையில பட்டுட்டா, சக்கரை இருக்கிறவனுக்கு அந்தப் புண்ணு ஆறாது. விரலை எடுக்கணும்பான், பெறகு காலை எடுக்கணும்பான். முந்தி முடிதிருத்துறவர் வீடு தேடி வருவாரு. முடியும் வெட்டி நகமும் எடுத்துட்டுப் போவாரு. வருசத்துக்கு ஒருக்காத் தவசம் அளந்தாக அவருக்கு, மரியாதையை யாரும் அளக்கல. அவரு மகன் டவுன்ல ஏ.சி. போட்டு சலூன் வச்சிட்டான், நியாயந்தான். அவன் ஏன் இங்க வந்து எங்க காலைப் பிடிக்கணும்? அதனாலதான் சொல்றேன், அந்த முகாம்ல ஒரு நர்சம்மா பொறுமையா உக்கார்ந்து கால் பார்த்து நகம் வெட்டிவிடட்டும். கூட்டம் எப்படி அலைமோதுதுன்னு பாரு. ஒங்க யோகா மாஸ்டருக்கு ஆளே கெடைக்காது.

காதையும் பாருங்க. செவிடாயிட்டான்னு நெனைச்சு வீட்டுல பேசுறதை நிறுத்திருறாக. கடைசியில பாத்தா காதுல அழுக்கு அடைச்சிருக்கும். பல்லு போனா அரிசிச் சோறு மட்டும் எறங்கும், பயறு எறங்காது. எங்கே, எத்தனை தடவை வழுக்கி விழுந்தோம்னு யாராவது கேட்டிருக்கீகளா? கேட்டாலும் சொல்ல மாட்டோம். சொன்னா மருமக "இனிமே எங்கேயும் போகாதீக"ன்னு முத்தத்துலயே கட்டிப் போட்டுருவா. அதுக்குப் பயந்து இடுப்புல கன்னிப்போனதைக்கூட மாடு முட்டுனதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறவரு நம்ம தெருவுல இருக்காரு. அவரு வீட்டுல மாடே கெடையாது.

பெரிய ஊர்ல இதுக்கெல்லாம் படிச்ச டாக்டர்மாரு இருக்காக. சென்னை பெரியாஸ்பத்திரியில டாக்டர் வி.எஸ்.நடராஜன்னு ஒருத்தர் 1978-லேயே முதியோருக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சாரு. நம்ம தேசத்துலயே அதுதான் மொதல்னு சொல்றாக. பத்மஸ்ரீ குடுத்தாக அவருக்கு. கிண்டியில முதியோருக்குன்னே ஒரு பெரிய ஆஸ்பத்திரி 2024-ல தெறந்தாக. எல்லாம் சரி. இங்கேருந்து கிண்டிக்கு ஒரு ராத்திரி பூரா பஸ்ஸு. அதுக்கு எடையில ஒதுங்கறதுக்கு... சரி விடு, அதைத்தான் சொல்லி முடிச்சிட்டேனே.

பென்சன் விசயத்துக்கு வா. ஒங்க நோட்டீஸ்ல "முதியோர் உதவித்தொகை விழிப்புணர்வு"ன்னு ஒரு வரி பாத்தேன். எங்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுறீகளா? 1962-ல அந்தத் தொகையை ஆரம்பிச்சப்போ மாசம் இருவது ரூவா. அந்த இருவது ரூவாக்கு எத்தனை மனு நான் தூக்கிட்டுத் தாலுகா ஆபீஸுக்கு நடந்திருப்பேன்! 2023 ஆகஸ்டுலேர்ந்து ஆயிரத்து இருநூறு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, கேளு. டெல்லியிலேர்ந்து வர்ற பங்கு, எம்பது வயசு வரைக்கும் இருநூறு. எம்பது ஆயிட்டா ஐநூறு. ஆகா, எம்பதைத் தாண்டுனா டெல்லிக்கு நம்ம மேல பிரியம் கூடுதேன்னு சந்தோசப்பட்டேன். பாத்தா, டெல்லி கூட்டுன அளவுக்குச் சென்னை தன் பங்கைக் குறைச்சுக்குது. கெழவி கைக்கு வர்றது அதே ஆயிரத்து இருநூறுதான். பங்காளிக ரெண்டு பேரும் கணக்கைத் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கிடுதாக, ஆத்தாளைக் கேக்காம.

இந்தப் பென்சன் வாங்க, நம்மளைப் பார்த்துக்க ஆளில்லைன்னு காமிக்கணும். மூணு மகன் பெத்த ஒருத்தரு எங்கிட்ட மனு எழுத வந்தாரு. "ஆதரவு யாரும் இல்லைன்னு எழுதணுமே, எழுதலாமா?"ன்னேன். "எழுதுங்க தலையாரி, அது ஒண்ணுதான் இந்த மனுவுல நெசம்"னாரு. கூட வந்து பக்கத்துல நின்னது யாருன்னு நெனைக்கிறே? மூத்த மகன். தலையைக் குனிஞ்சானான்னு கேக்காத. பேனா கொண்டு வந்ததே அவந்தான்.

குழுவால ஆகிற காரியம் ஒண்ணு சொல்றேன். பணம் எடுக்கிற அன்னிக்கு மிசின்ல கட்டைவிரலை வைக்கச் சொல்றாக. காலம் பூரா களை பிடுங்கின கையில ரேகை எங்கே இருக்கும்? ஒருதரம் வச்சா எடுக்காது, தொடைச்சு வச்சா எடுக்காது, சேலையில துப்பித் தொடைச்சு வச்சா அதுக்கும் எடுக்காது. "நாளைக்கு வா பாட்டி"ங்கிறாக. நாளைக்கு மட்டும் ரேகை மொளைச்சிருமா? இன்னொரு வீட்டுல ஏ.டி.எம். கார்டு பேரன் கையில. மாசம் பொறந்தா அவன் வண்டிக்குப் பெட்ரோலு, ஆத்தாளுக்கு வெத்தலை. நீங்க விழிப்புணர்வுப் பேச்சாளரைக் கூப்பிடுற காசுக்கு, பத்தாவது படிச்ச ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பிடிச்சு, பணம் எடுக்கிற அன்னிக்கு ஒவ்வொரு கெழவி கூடவும் போயிட்டு வரச் சொல்லுங்க. ரேகை எடுக்கலைன்னா "வேற வழி என்ன இருக்கு"ன்னு கேக்கிற தைரியம் இருந்தாப் போதும். மத்ததெல்லாம் தானா நடக்கும். அரசாங்கத்துக்கிட்டே வேற வழி எப்பவும் இருக்கும் பேராண்டி. கேக்காதவனுக்கு அதைச் சொல்றதில்ல.

சட்டம்... இதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லணும், கதவைச் சாத்து. 2007-ல பெத்தவுகளையும் மூத்த குடிமக்களையும் பராமரிக்கணும்னு சட்டம் வந்துச்சு. 2009-ல நம்ம மாநிலத்துக்கு விதியும் எழுதினாக. ஆர்.டி.ஓ.கிட்ட மனுக் குடுக்கலாம். வக்கீல் கெடையாது, நாமளே பேசணும். மாசம் பத்தாயிரம் வரைக்கும் பிள்ளைக குடுக்கணும்னு உத்தரவு போட முடியும். பெத்தவுகளைக் கண்டுக்காம விட்டா மூணு மாசம் உள்ளே போடவும் எடமிருக்கு. இதை நீங்க மேடை போட்டு மைக்குல சொல்லப் போறீக. மைக்கு முன்னால யாரு உக்கார்ந்திருப்பா? அப்பன் உக்கார்ந்திருப்பான். அவனைக் கூட்டிட்டு வந்த மகன் பின்னால வண்டி மேல சாஞ்சு நின்னுக்கிட்டிருப்பான். அப்பன் கையைத் தூக்குவானா? மகன் மேல மனுக் குடுத்துட்டு வந்த அப்பன் அன்னிக்கு ராத்திரி யார் வீட்டுல போய் கஞ்சி குடிப்பான்? ஆர்.டி.ஓ. வீட்டுலயா?

நம்ம விருதுநகர்ச் சீமையில வயசானவுகளுக்குத் தலைக்கு ஊத்தி மேல அனுப்பி வைக்கிறதுன்னா என்னன்னு ஒனக்குச் சொல்ல வேண்டாம். பேப்பர்க்காரக வந்து எழுதிட்டுப் போயிட்டாக. மருமக என்னிக்கும் இல்லாத பிரியமா "மாமா, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறீகளா"ன்னு கேட்டா, கெழவன் மொதல்ல அவ கையில எளநி இருக்கான்னு பாப்பானாம். சிரிச்சிட்டேல்ல? எனக்கும் சிரிப்புத்தான் வருது. வேற என்ன வரணும்?

மைக்கை விட்டுட்டு இதைச் செய்யி. சொத்தை எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னால கெழவன் பத்திரம் எழுதுறவர் வீட்டு வாசல்ல போய் நிப்பான்ல, அங்கே பிடி அவனை. "என்னைக் கடைசி வரைக்கும் சோறு போட்டு, மருந்து வாங்கிக் குடுத்துப் பார்த்துக்கணும்"னு அந்தத் தான செட்டில்மென்ட்டுல ஒரு வரி எழுதச் சொல்லு. அந்தச் சட்டத்துல 23-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அப்படி எழுதிட்டுப் பார்த்துக்கலைன்னா, எழுதிக் குடுத்ததையே செல்லாதுன்னு ஆக்க முடியும். 2022-ல சுப்ரீம் கோர்ட்டு, அந்த நிபந்தனை இருக்கணும்னு கறாராச் சொல்லுச்சு. 2025 ஜனவரியில வேற ஒரு வழக்குல, வயசானவுகளுக்கு அனுகூலமாத்தான் சட்டத்தைப் பார்க்கணும்னு எளகிச் சொல்லுச்சு. கோர்ட்டு கறாரா இருக்கா எளகி இருக்கான்னு பார்த்துக்கிட்டிருக்க நமக்கு ஆயுசு கெடையாது. ஒரு வரி எழுதினா ஸ்டாம்பு கூடவா ஆகப் போகுது? ஆனா எழுத மாட்டான். "எம் மகன் தப்பா நெனைப்பான்"பான். அங்கேதான்யா ஒங்க குழு வேணும். "இப்போ எல்லாரும் இப்படித்தான் எழுதணுமாம், குழுவுல சொல்லிட்டாக"ன்னு பழியை நீங்க ஏத்துக்குங்க. கெழவனுக்கு மகன்கிட்ட சொல்ல ஒரு சாக்கு கெடைக்கும். எங்களுக்கு நீங்க பண்ற பெரிய சேவை அதுதான், நாங்க சொல்ல முடியாததுக்கு ஒரு சாக்கு.

14567-ன்னு ஒரு நம்பர் இருக்கு, முதியோர் உதவிக்கு. இனாம். அதை எங்கே எழுதியிருக்கீக? நோட்டீஸ்ல அடியில, எறும்பு சைஸ்ல. மேல பூரா போட்டோ. ரேஷன் கடைச் சுவத்துல ஆளுயரத்துக்கு அஞ்சே அஞ்சு எழுத்து எழுதி வையி. பக்கத்துல யார் படமும் வேண்டாம்.

ரேஷன் கடைன்னதும் ஞாபகம் வருது. 2025-ல எழுபது வயசானவுகளுக்கு வீட்டுக்கே அரிசி பருப்பைக் கொண்டு வந்து குடுக்க ஆரம்பிச்சாக, தாயுமானவர் திட்டம்னு. படுத்த படுக்கையா இருக்கிறவுகளுக்கு அது பெரிய புண்ணியம். ஆனா ஒங்க அப்பத்தா இருக்காளே, அவளுக்கு எழுபத்தஞ்சு. வீட்டுக்கு அரிசி வந்தன்னிக்கு அவ மூஞ்சியைப் பார்க்கணுமே! மாசத்துல ஒருநாள் பையைத் தூக்கிக்கிட்டுப் போயி, வரிசையில நின்னு, யார் வீட்டுல யாருக்குப் பொண்ணு பாத்தாக, யார் மருமக கோவிச்சுக்கிட்டு எட்டயபுரம் போயிட்டா, எல்லாத்தையும் அளந்துக்கிட்டு வருவா. அரிசி அப்புறந்தான். இப்போ அரிசி வந்துருச்சு, சேதி வரல. அதனால நடக்க முடியாதவுகளுக்கு அரிசி வீட்டுக்கு வரட்டும். நடக்க முடிஞ்சவுகளுக்குக் கடை வாசல்ல ஒரு கூரையும் சாஞ்சு உக்கார ஒரு பெஞ்சும் போடுங்க. பெஞ்சுக்குக் கைப்பிடி வேணும், இல்லாட்டி உக்கார்ந்தவன் எந்திரிக்க மாட்டான். பெஞ்சு ரோட்டைப் பார்த்து இருக்கணும். பஸ்ஸுல யார் எறங்குறா, எந்தப் பையோட எறங்குறாங்கிறது தெரியணும். இதுல என் சொந்த லாபமும் கொஞ்சம் இருக்கு, மறைக்கல.

சோத்து விசயமும் அதே மாதிரிதான். 1983-லேயே எம்ஜிஆர் சத்துணவை முதியோர் பென்சன் வாங்குறவுகளுக்கும் விரிச்சாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட கெழவிகளும் தட்டைத் தூக்கிட்டு வந்து உக்காருவாக. சோறு சுமாராத்தான் இருக்கும். ஆனா ஒரு பொடியன் "பாட்டி, ஒன் பங்குல கொஞ்சம் எனக்குத் தாறியா"ன்னு கேப்பான், அவ வைவா, பெறகு குடுத்துருவா. ஒத்தையா வீட்டுல இருக்கிறவ சமைக்கிறதே இல்ல பேராண்டி, நேத்துக் கஞ்சியில மோரை ஊத்திக்கிட்டு "சாப்பிட்டேன்"பா. திருச்சிப் பக்கம் பகல்ல முதியோர் போய் இருந்து சாப்பிட்டுட்டுச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப "அன்புச்சோலை"ன்னு 2025-ல ஆரம்பிச்சிருக்காக. டவுனுக்கு அது. நம்ம ஊர்ல சாவடி சும்மாத்தானே கெடக்கு? வாரத்துல ரெண்டு நாள் பத்துப் பேர் சேர்ந்து ஆக்கித் திங்க அங்கே அடுப்பு மூட்டக் கூடாதா? காய் அரிய நாங்க வர்றோம். உப்புக் கூடிப்போச்சுன்னு சண்டை போடவும் நாங்களே இருக்கோம்.

அக்டோபர் ஒண்ணாந்தேதி முதியோர் தினமாம், பொன்னாடை போத்தி மியூசிக்கல் சேர் நடத்தப் போறீகளாம். மியூசிக்கல் சேர்! இருக்கிற நாற்காலியிலேர்ந்து எங்களை எழுப்பவே ஆள் வேணும், இதுல பாட்டு நின்னதும் ஓடிப்போய் வேற நாற்காலியில உக்காரணுமாம். இடுப்பெலும்பு ஒடைஞ்சா குழு என்ன பரிசு குடுக்கும், கம்பா? பொன்னாடையும் வேண்டாம்யா. அந்தச் சரிகைத் துணி மேல் தொடைக்க ஆகாது, தலையில கட்டுனா வழுக்குது, தலைகாணி உறைக்குப் போட்டா குத்துது. நல்ல ஈரிழைத் துண்டாக் குடு, தோள்ல கெடக்கும். மறுநாள் ரெண்டாந்தேதி காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை வருதுல்ல, வருசத்துல ஆறு நாள் கிராம சபை உண்டு, வேப்பமரத்தடியில, தரையில. ஒங்க குழு தீர்மானத்தை அங்கே வந்து வாசி. படி கெடையாது.

எங்களை உக்கார வச்சே வேடிக்கை காட்டாதீக, அதையும் சொல்லிருதேன். போன வருசம் ஜே.சி.பி. வந்து கண்மாய்க் கரையைப் போட்டப்போ நடு மடையை மண்ணைத் தள்ளி மூடிட்டான். மடை எங்கே இருந்துச்சுன்னு தெரிஞ்ச ரெண்டு கெழவன் கரையிலதான் உக்கார்ந்திருந்தோம். யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல. மழை பேஞ்சப்புறம் இன்ஜினீயர் வந்து தேடினாரு. அப்பவும் கேக்கல. வெத்தலை தீந்துபோச்சு, எந்திரிச்சு வந்துட்டோம்.

2011 கணக்கெடுப்புலேயே நம்ம மாநிலத்துல நூத்துக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டினவுக. ஓட்டுன்னா எங்களை நாற்காலியோட தூக்கிட்டுப் போறாக. ஆலோசனைன்னா மாடிப்படி.

சரி, என்னையும் குழுவுல கௌரவ உறுப்பினரா போடணும்னு மாஜி சொல்லிவிட்டாராக்கும். போட்டுக்கோ. ஆனா கூட்டத்துக்கு வரமாட்டேன். படியை நீங்க எறக்கிட்டாலும் வரமாட்டேன். வர்றவுக சார்பாப் பேச அங்கே பத்துப் பேர் இருக்கீக. வராதவுக சார்பா வராத ஆள் ஒருத்தன் வேணாமா? நான் அதுக்குத்தான் ஆவேன். நீ ஒண்ணு பண்ணு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின நாள் மேலத்தெரு, வடக்குத்தெரு ரெண்டையும் சுத்தி வா. கட்டில்ல கெடக்கிறவுக பக்கத்துல உக்கார்ந்து, அவுக சொல்றதை அவுக சொன்ன மாதிரியே எழுது. கெட்ட வார்த்தை வந்தாலும் எழுது, அதுலதான் விசயம் இருக்கும். ஒங்க சின்னத் தாத்தன்கிட்ட கேள்வி கேட்டுட்டு "ஆமா"ன்னா நம்பாதே, இன்னொருதரம் காதுக்குப் பக்கத்துல கேளு. கூட்டம் முடிஞ்சதும் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. கையெழுத்துப் போடுவேன். ஆனா தலையாரியா இருந்தவன் பாத்துக்கோ, எழுதாத பக்கத்துல போட மாட்டேன், தேதி போடாமப் போட மாட்டேன். கக்கூஸ் சாவி யாருகிட்ட இருக்குன்னு அதுல ஒரு வரி இல்லைன்னாலும் போட மாட்டேன்.